குளியல் தொட்டியில் ஆறு நாட்கள்

மழை விட்ட கையோடு பால் வாங்கப் போனேன். கார்த்திகை மாதத்துக் காலை. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் கடையின் கார் தரிப்பிடம் முழுவதும் நனைந்து, வானத்தை அப்படியே காட்டிக்கொண்டு கிடந்தது. தள்ளுவண்டிகளை அடுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் வட்டமாக நின்றார்கள். இரண்டு பேர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூட்டம் பிடிக்காது. ஆனால் கூட்டத்தை விலக்கி எட்டிப் பார்க்காமல் போகவும் முடியாது. பார்த்தேன்.

நடுவில் ஒரு பறவை. வாத்தளவு இருக்கும், ஆனால் வாத்து இல்லை. நீண்ட கழுத்து, வெள்ளை நெஞ்சு, தலையில் கறுப்புத் தொப்பி, கண் இரண்டும் செத்தல் மிளகாய் நிறம். அது எழும்ப முயன்றது. நெஞ்சால் தாரில் உரஞ்சி ஒரு முழம் நகர்ந்துவிட்டு மறுபடி விழுந்தது. கால் உடைந்துவிட்டது என்றார் ஒருவர். கால் இல்லாமலே பிறந்ததோ என்றார் இன்னொருவர். கால் இருந்தது. வாலுக்குக் கீழே, மிகவும் பின்னுக்குத் தள்ளி, அவசரத்தில் யாரோ பிழையான இடத்தில் பூட்டிவிட்டது போல இருந்தது.

யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்ற முகத்துடன் எல்லோரும் நின்றார்கள். இந்த நாட்டில் அதற்கும் ஒரு அலுவலகம் இருக்கும், அந்த அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும். எனக்குப் பொறுமை கிடையாது. மேலங்கியைக் கழற்றிப் பறவையின் மேல் போட்டு அள்ளித் தூக்கினேன். தூக்கிய வேகத்தில் அது என் புறங்கையில் ஒரு கொத்துக் கொத்தியது. அலகா, ஊசியா என்று தெரியவில்லை. இரத்தம் வந்தது. கூட்டத்தில் ஒரு கிழவர் கைதட்டினார். எனக்கென்றால் வெட்கமாகப் போய்விட்டது. பாலை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீடு என்றால் ஜெர்மனியில் எசன் நகரத்தின் வடக்குப் பக்கம் மூன்றாம் மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை. நான் முப்பது வருடம் ஒரு பாண் தொழிற்சாலையில் மாவுடன் மல்லுக்கட்டி, முதுகெலும்பைக் கொடுத்துவிட்டு நேரத்தோடு ஓய்வுக்கு வந்தவன். மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. மகள் பிராங்பேர்ட்டில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. அவள் காட்டும் மரியாதை, வங்கிக்கு வரும் வாடிக்கையாளருக்குக் காட்டும் மரியாதை மாதிரி இருக்கும். அதை நான் அவளிடம் சொன்னதில்லை.

பறவையைச் சமையலறையில் ஒரு வாழைப்பழப் பெட்டிக்குள் இறக்கி வைத்தேன். நெஞ்சில் உரஞ்சல் காயம் இருந்தது. கால்தான் என்னை என்னவோ செய்தது. அதற்கு வாத்துக்கு இருப்பது போல விரல்களைச் சேர்த்த தோல் இல்லை. ஒவ்வொரு விரலிலும் தனித்தனியாக ஒரு இலை ஒட்டியது போல இருந்தது. அந்த இலைகள் காய்ந்து, ஓரம் வெடித்திருந்தன. வெடித்த பாதங்கள் எனக்குப் பழக்கம். மனைவியின் கடைசி மாதங்களில், மருந்தின் கொடுமையில் அவளுடைய உள்ளங்கால் வெடித்துக் கிடந்தபோது, காலையும் மாலையும் தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கித் தடவியவன் நான். வேறு எதுவும் என்னால் செய்ய முடியவில்லை. அது ஒன்றைத்தான் செய்தேன், நன்றாகச் செய்தேன்.

ஆகவே யோசிக்கவே இல்லை. எண்ணெயைச் சூடாக்கினேன். உரஞ்சலுக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டேன். விரல் விரலாகத் தடவினேன். தடவும்போது பறவை ஆடாமல் கிடந்தது. சுகமாக இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். பயத்தில் உறைந்துபோய்க் கிடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஆடாமல் கிடக்கவே எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. காயத்தைச் சுற்றி, வயிற்றின் கீழே, மண்ணும் தாரும் ஒட்டியிருந்த சிறகுகளில் எல்லாம் தாராளமாக எண்ணெய் வைத்து நீவிவிட்டேன். எங்கள் ஆட்களுக்குக் கையில் எண்ணெய்ப் போத்தல் கிடைத்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. தலையிடியா, எண்ணெய். கால் சுளுக்கா, எண்ணெய். மனம் சரியில்லையா, தலைக்கு எண்ணெய் வைத்து முழுகு.

பிறகு குளியல் தொட்டியை நிரப்பி அதில் விட்டேன். நீர்ப்பறவை, தண்ணீரைக் கண்டால் சந்தோஷப்படும் என்பது என் கணக்கு. அது மிதக்கவில்லை. பின்பக்கம் முழுவதும் தாழ்ந்து, கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, ஓட்டையான தோணி மாதிரித் தடுமாறியது. வயிற்றுச் சிறகுகள் ஈரத்துணியாக ஒட்டிக்கொண்டன. உடம்பு நடுங்கத் தொடங்கியது. ஓடிப்போய்த் தூக்கித் துவாயில் சுற்றினேன். என்ன பிழை விட்டேன் என்று தெரியவில்லை. ஏதோ பெரிய பிழை என்று மட்டும் தெரிந்தது.

மகளுக்குப் போன் எடுத்தேன். வேலை நாளில் நான் எடுப்பதில்லை. அவள் பயந்துபோய், "என்னப்பா, உங்களுக்கு என்ன?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்டுமில்லை. ஒரு பறவை தாழுது."

நடந்ததைச் சொன்னேன். "எண்ணெய் வைச்சனீங்களோ?" என்றாள். "அப்பா, இனி ஒண்டும் செய்யாதேங்கோ. தொடாதேங்கோ. பொறுங்கோ, உந்தப் பறவையளைப் பாக்கிற ஆக்கள் உங்கடை பக்கத்தில இருப்பினம். நான் பாத்து நம்பர் அனுப்பிறன். எனக்கு இப்ப ஒரு ஆளோட டெர்மின் இருக்கு, பிறகு எடுக்கிறன்."

நம்பர் வந்தது. பிறகு எடுக்கவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஒரு மணித்தியாலத்தில் ஒரு பழைய வான் வந்து நின்றது. இறங்கி வந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். கட்டையாக வெட்டிய முடி, முழங்கை வரை கீறல் தழும்பு. நகரத்துக்கு வெளியே தன் வீட்டு வளவில் அடிபட்ட நீர்ப்பறவைகளை வைத்துப் பார்க்கிறவள். பெயரைச் சொன்னாள். ஆனால் நான் அன்றிலிருந்து இன்றுவரை மனதுக்குள் அவளைப் பறவைக்காரி என்றுதான் சொல்கிறேன். சமையலறைக்குள் வந்து துவாயை விலக்கிப் பார்த்தாள். மணந்து பார்த்தாள். விரலால் மஞ்சளைத் தொட்டுப் பார்த்தாள்.

"அடுப்பில் வைக்கிற நேரத்தில் நான் வந்து குழப்பிவிட்டேனா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

நான் உண்மையைச் சொன்னேன். காலுக்கு என்று தொடங்கியதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாடம் சொல்லுகிற மாதிரியும் இல்லாமல், வேலைக்கிடையே சொல்லிக்கொண்டு போனாள். இந்தப் பறவைக்குக் கால் உடையவே இல்லை. இது முக்குளிப்பான் இனம். கால் அப்படித்தான் இருக்கும். நீந்தவும் முக்குளிக்கவும்தான் அந்தக் கால், நடக்க அல்ல. நனைந்த தாரை மேலிருந்து பார்த்து ஏரி என்று நினைத்து இறங்கியிருக்கிறது. இறங்கினால் தரையிலிருந்து எழும்பிப் பறக்க இதனால் ஏலாது. தண்ணீரில் நெடுந்தூரம் ஓடினால்தான் எழும்பும். நீங்கள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். காயத்தைப் பார்த்துவிட்டு ஏரிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கலாம்.

"இன்றைக்கே போயிருக்கும்" என்றாள்.

"இப்போது?"

"இப்போது விட்டால் தாழும். தாழாவிட்டால் குளிரில் சாகும். சிறகு ஒன்றோடொன்று கொழுவிக்கொண்டு தண்ணீரை வெளியே நிறுத்தும். எண்ணெய் பட்டால் அது விட்டுப்போகும்."

அவளுடைய வளவில் இடமில்லை. தொட்டிகள் எல்லாவற்றிலும் அன்னமும் நீர்க்கோழியுமாக நிறைந்துவிட்டதாம். என் குளியலறையை எட்டிப் பார்த்தாள். பழைய கட்டடம் என்பதால் கழிப்பறை தனியாக இருந்தது. அதைக் கண்டு தலையாட்டினாள்.

"வீட்டில் வேறு யார் குளிக்க வேண்டும்?"

"யாரும் இல்லை. நான் தனியாகத்தான்."

"மிகவும் நல்லது" என்றாள்.

நான் தனியாக இருக்கிறேன் என்று சொன்னதும் ஆட்கள் தலையைச் சரித்து, ஐயோ பாவம் என்று பார்ப்பார்கள். நல்லது என்று சொன்ன முதல் மனிதப் பிறவி அவள்தான். எனக்கு அது பிடித்துப்போனது.

எனக்கு ஒரு கண்ணாடி தந்தாள், தொழிற்சாலையில் போடுகிற மாதிரியானது. இந்த இனம் கண்ணைப் பார்த்துத்தான் கொத்துமாம். நான் தலையையும் கழுத்தையும் பிடித்துக்கொள்ள, அவள் பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து சிறகு சிறகாகக் கழுவினாள். கழுவியதை விட அலசியது அதிக நேரம். சவர்க்காரம் கொஞ்சம் மிஞ்சினாலும் எண்ணெயை விட மோசம் என்றாள். என் விரல்களுக்கு நடுவில் அந்தக் கழுத்தின் நாடி அடித்துக்கொண்டே இருந்தது. அவ்வளவு வேகமாக ஒரு நாடி அடித்து நான் கண்டதில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து நிமிர்ந்தபோது என் முதுகு கெஞ்சியது. அவள் சொன்ன சட்டங்களைக் கடிதவுறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். குளிர்ந்த தண்ணீர் எப்போதும் மெல்லமாகத் திறந்திருக்க வேண்டும், மேலே மிதக்கும் அழுக்கு வழிந்து போவதற்காக. காலையும் மாலையும் சின்ன மீன். ஒரு நாளைக்கு ஒரு தடவை துவாயால் தூக்கி வயிற்றைப் பார்க்க வேண்டும். மணிக்கணக்காகத் தண்ணீரில் இருந்த பிறகும் உட்சிறகு உலர்ந்திருந்தால் அன்றே தனக்கு அறிவிக்க வேண்டும்.

"கடைசியாக ஒன்று. பேசக்கூடாது. பறவையோடும் பேசக்கூடாது, அது கேட்கிற மாதிரி வேறு யாரோடும் பேசக்கூடாது. உங்கள் குரல் அதற்கு, பிடித்துத் தின்ன வந்தவனின் குரல்."

சரி என்றேன். இதில் என்ன கஷ்டம், இங்கே யார் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரமே என் வாய் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. தேநீர் போடும்போது கேத்திலோடு பேசுகிறேன். காலுறையைக் காணவில்லை என்றால், "எங்கையடா போனாய்?" என்று காலுறையிடம் கேட்கிறேன். சன்னலைத் திறந்தால் குளிரோடு வாக்குவாதம். இரண்டு வருடமாக இந்த வீட்டில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன், பதில் சொல்ல ஆளில்லாமல். அதை நிறுத்திய பிறகுதான் எவ்வளவு பேசினேன் என்று தெரிந்தது. தொலைக்காட்சியையும் போடவில்லை. வீடு அடங்கியது. அடங்கிய வீட்டுக்குள், மூடிய கதவுக்குப் பின்னால், ஒரு சத்தம்.

சளக். பிறகு ஒன்றுமில்லை. பிறகு தொட்டியின் அடியில் ஒரு சின்ன இடி. முக்குளித்து அந்த முனைக்குப் போய் முட்டியிருக்கிறது. மறுபடி மேலே வந்து சிறகை உதறும் சத்தம். நான் ஒரு கதிரையை எடுத்துவந்து குளியலறைக் கதவடியில் போட்டேன். அதில் இருந்து சோறு தின்றேன். சமையலறைக் குழாயடியில் வாளியை வைத்து, சின்ன வயதில் கிணற்றடியில் குளித்தது போலக் கோப்பையால் அள்ளி ஊற்றிக் குளித்தேன். நிலமெல்லாம் தண்ணீர். துடைத்தேன். செய்வதற்கு வேலை இருந்தது. மீன் இளக வைக்க வேண்டும், தண்ணீர் வழிகிறதா என்று பார்க்க வேண்டும், நேரத்துக்கு எழும்ப வேண்டும். எழும்புவதற்குக் காரணம் இருந்த நாட்கள் அவை.

தமிழ்க் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனபோது, எங்கள் ஊர்ச் சங்கத்தில் கூட இருக்கும் ஒருவர் வழிமறித்தார். கதை அதற்குள் அங்கே போய்விட்டது.

"அண்ணை, குளியலறையில வாத்து வளக்கிறியளாம் எண்டு கேள்வி. கறிக்கோ, காவலுக்கோ?"

"வாத்து இல்லை, முக்குளிப்பான்."

"அப்ப கறிக்கு உதவாது. சனிக்கிழமை கூட்டத்துக்கு வாறியளோ?"

"ஏலாது. வீட்டில ஆள் இருக்கு" என்றேன்.

சொல்லிவிட்டு வீதியில் நடந்து வரும்போதுதான் என் வாயில் வந்த வார்த்தை எனக்கே உறைத்தது. வீட்டில ஆள் இருக்கு. இரண்டு வருடமாகச் சொல்ல வாய்ப்பில்லாத சொல். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை.

நாலாம் நாள் காலை துவாயோடு உள்ளே போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, பழகிய மாதிரிப் பின்னாலிருந்து பிடித்துத் தூக்கினேன். வயிற்றுச் சிறகுகளைப் பிரித்துப் பார்த்தேன். மேலே தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடியது. உள்ளே விரலை விட்டால், அடுப்படியில் வைத்த பஞ்சு மாதிரி உலர்ந்து, சூடாக இருந்தது. ஒரு பொட்டு ஈரமில்லை. பறவை தயார்.

கையைக் கழுவிக்கொண்டு பறவைக்காரிக்குப் போன் எடுத்தேன்.

"எப்படி இருக்கிறது?"

"இன்னும் கொஞ்சம் ஈரம்" என்றேன்.

அந்தச் சொல்லை நான் திட்டம்போட்டுச் சொல்லவில்லை. ஆனால் வாய் தவறியும் சொல்லவில்லை. "சரி, நாளை பாருங்கள்" என்றாள். அன்று முழுவதும் கதவடியில் இருந்து சளக், இடி, உதறல் எல்லாவற்றையும் கேட்டேன். ஒரு நாள்தானே, ஒரு நாளில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாளும் உலர்ந்திருந்தது. ஐந்தாம் நாளும் ஈரம் என்றேன். "நன்றாகத்தான் அலசினோம்" என்று அவள் தனக்குள் சொன்னாள். என் பொய்க்காக அவள் தன் வேலையைச் சந்தேகப்பட்டாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்.

ஆறாம் நாள் கதவுக்குப் பின்னால் இடிச் சத்தம் இல்லை. நெடுநேரம் காத்திருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தபோது பறவை தொட்டியின் மூலையில் அசையாமல் மிதந்துகொண்டிருந்தது. முந்தின நாள் போட்ட மீன் அடியில் கிடந்தது. அலகு கொஞ்சம் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. மருத்துவம் படிக்காதவனுக்கும் விளங்குகிற சத்தம் அது.

போன் எடுத்து, அவள் வணக்கம் சொல்ல முன்னரே சொன்னேன்: "நாலாம் நாளே உலர்ந்துவிட்டது. நான் பொய் சொன்னேன். இப்போது வாயைத் திறந்து மூச்சு விடுகிறது."

அவள் வந்து, தொட்டிக்கு மேல் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். வீட்டுக்குள் இருக்கும் காற்று இவைக்கு ஒத்துவராது, பயத்தோடு அடைபட்டிருந்தால் நுரையீரலில் பூஞ்சணம் பிடிக்கும், பிடித்தால் தப்புவது குறைவு என்றாள். மருந்துப் புகை பிடிக்க வேண்டுமாம், அதற்கு இயந்திரம் அவள் வீட்டில் இருக்கிறது. ஒரு அன்னத்தை முந்தின நாள் விட்டதில் ஒரு தொட்டி வெறுமையாக இருக்கிறது. பறவையைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன்?"

"வீட்டில் ஒரு சத்தம் இருந்தது" என்றேன். "அது போய்விடும் என்று இருந்தது."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். சன்னலால் பார்த்தேன். வான் போனது. தொட்டியை விறைக்கும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினேன். அதற்குப் பிறகு வீட்டில் நான் பேசலாம். ஒரு வார்த்தை வரவில்லை.

அடுத்த ஒன்பது நாட்களும் நான் அவளுக்குப் போன் எடுக்கவில்லை. செத்துவிட்டது என்று அவள் வாயால் கேட்க எனக்குத் தைரியமில்லை. மகள் ஞாயிறு எடுத்தபோது, "நீங்களே எடுத்துக் கேளுங்கோவன்" என்றாள். எடுக்கிறேன் என்றேன். எடுக்கவில்லை. கதிரை கதவடியிலேயே கிடந்தது. அதில் இருந்துகொண்டு, நினைக்க விரும்பாத ஒன்றை ஒன்பது நாளும் நினைத்தேன்.

மனைவிக்கு அப்போது புற்றுநோய்க்கு நாலு தடவை மருந்து ஏற்றியாகியிருந்தது. இன்னொரு தடவை ஏற்றலாம், ஏற்றாமலும் விடலாம், பெரிய பலன் இருக்கும் என்று சொல்ல முடியாது, முடிவு உங்களுடையது என்று வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தவள் என்னைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, எனக்குக் காணும், இனி மருந்து வேண்டாம். என்னைப் பிள்ளையிட்டைக் கொண்டுபோய் விடுங்கோ. அவளோட கொஞ்ச நாள் இருக்கப்போறன்" என்றாள். தெளிவாகச் சொன்னாள். ஒரு தடவை அல்ல.

நான், "இன்னும் ஒருக்காப் பாப்பம்" என்றேன்.

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி. உங்களுக்காண்டி" என்றாள்.

அந்த ஐந்தாவது தடவையிலிருந்து அவள் எழும்பவில்லை. பிராங்பேர்ட்டுக்குப் போகவும் இல்லை. மகள்தான் வந்து வந்து வைத்தியசாலைக் கட்டிலில் கண்ணை மூடிக்கிடந்தவளைப் பார்த்துவிட்டுப் போனாள். அம்மா கடைசிவரை போராடினவ என்று நான் எல்லோருக்கும் சொன்னேன். மகளுக்கும் அப்படித்தான் சொன்னேன். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். அவள் போராடவில்லை. எனக்குத் தனியாக இருக்கப் பயம், அதனால் அவளை விடவில்லை.

பத்தாம் நாள் காலை பறவைக்காரி எடுத்தாள்.

"நாளை பத்து மணிக்கு ஏரிக்கு வாருங்கள். தோணித் துறைப் பக்கம். நீளச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள்."

"உயிரோடா?"

"செத்ததை ஏரியில் விடுவதில்லை" என்று வைத்துவிட்டாள்.

ரூர் ஆற்றை மறித்த பெரிய ஏரி அது, நகரத்தின் தெற்கில். பஸ் மாறி, ரயில் மாறி ஒன்பதரைக்கே போய் நின்றேன். வெயில் இருந்தது, சூடு இல்லை. நடுத் தண்ணீரில் வெள்ளை நெஞ்சுகளாக ஒரு கூட்டம் மிதந்தது. குளிர்காலத்தில் அவை இங்கே கூடுமாம். அவள் வந்து, மருந்துப் புகை வேளையோடு கிடைத்ததால் தப்பியது என்று சொல்லி, பெட்டியை என் கையில் தந்தாள். எனக்குத் தருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தன்னிடம் வைத்துக்கொள்வாள், என்னைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்வாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"நீங்கள் தூக்கியது. நீங்களே விடுங்கள்" என்றாள்.

முழங்கால் வரை இறங்கினேன். பெட்டியைத் தண்ணீரோடு தண்ணீராகப் பிடித்து மூடியைத் திறந்தேன். அது உடனே போகவில்லை. பெட்டிக்குள் இருந்துகொண்டே கழுத்தை நீட்டி ஏரியைப் பார்த்தது. மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன். கேட்கவில்லை. மூடியை மறுபடி மூடிவிட ஒரு எண்ணம் வந்தது. வரவில்லை என்றால் அது பொய். பெட்டியைச் சரித்தேன்.

வழுக்கிப் போனது. முதல் ஒரு கணம் நான் பார்த்தது அதன் பின்பக்கத்தை மட்டும்தான். தாழவில்லை. நல்ல உயரமாக, நெஞ்சு முழுவதும் உலர்ந்து வெள்ளையாக மிதந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்தது. பிறகு ஒரு முக்குளிப்பு. தண்ணீரில் வளையம் கூட ஒழுங்காக விழவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகு தூரத்தில், கூட்டத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று மேலே வந்தது. அதுவாக இருக்கலாம். பறவைக்காரி தொலைநோக்கியால் பார்த்துவிட்டு, "எது என்று எனக்கும் தெரியவில்லை. எல்லாம் நன்றாக மிதக்கின்றன" என்றாள். வெறும் பெட்டியை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

கரையில் கிடந்த மர வாங்கு ஒன்றில் உட்கார்ந்து சப்பாத்துக்குள் போன தண்ணீரை ஊற்றினேன். அன்று புதன்கிழமை. மகளுக்குப் போன் எடுத்தேன்.

"விட்டாச்சோ அப்பா?"

"விட்டாச்சு. பிள்ளை, உனக்கு ஒண்டு சொல்லோணும். கொம்மா அந்தக் கடைசி மருந்து வேண்டாமெண்டு சொன்னவ. உன்னட்டைக் கொண்டந்து விடச் சொன்னவ. நான்தான் விடேல்லை. நான்தான் இன்னும் ஒருக்கா எண்டு சொன்னனான்."

அவள் பக்கம் அலுவலகச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு மூடிய சத்தம். கோடு விட்டுப்போனதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

"எனக்குத் தெரியும், அப்பா" என்றாள். "அம்மா அப்பவே எனக்குப் போனில சொன்னவா. உங்களிட்டைக் கேக்க வேண்டாமெண்டும் சொன்னவா."

இரண்டு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் அதைத் தெரிந்துகொண்டே பேசியிருக்கிறாள். எனக்குக் கண் தெரியவில்லை, தண்ணீரும் வெயிலும் ஒன்றாகிவிட்டன.

"கோவமோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றாள். "இப்பவும் இருக்கு."

முதல் தடவையாக அவள் குரல் வங்கிக்காரியின் குரலாக இல்லை. அழுகிறாளா என்று தெரியவில்லை. அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. போனைக் காதில் பிடித்துக்கொண்டு, ஈரக் காலுறையோடு அந்த வாங்கிலேயே இருந்தேன்.